எதிர்வீட்டம்மாவின் சீமைச் சொந்தம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று இன்றைக்கும் சந்தேகம்தான். ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதற்கு முன்னால் நடந்தது ஞாபகம் வரும், பின்னால் நடந்தது மறந்துபோகும். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் எனக்கு வேர்த்துவிடும். எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எனக்கு எதிர்வீட்டில் இருந்த ஒரு அம்மாவைப் பற்றித்தான் எழுத வந்தேன். பேரைப் போடப்போவதில்லை. போட்டால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், தெருவெல்லாம் எடுத்துப்போய்க் காட்டுவார்கள். எனக்குத்தான் கூச்சம்.

தானே புயல் அடித்ததற்கு மறு வருஷம். என் வீட்டுக்காரர் காலமான பிறகு, சேத்தியாத்தோப்புப் பக்கத்தில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு இருக்க வந்தேன். மகள் டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில் எங்கள் வாசலுக்கு நேர் எதிரே இன்னொரு வாசல். நடுவில் நாலு எட்டுதான். வந்த மூன்றாம் நாள் சனிக்கிழமை. மகள் டியூட்டிக்குப் போய்விட்டாள். திடீரென்று எதிர்வீட்டுக்குள் ரைஸ்மில் ஓடுகிற மாதிரி சத்தம். எங்கள் சன்னல் கம்பி அதிர்ந்தது. மைன்ஸில் வெடி வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், வீட்டுக்குள்ளேயே வைப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ரேஷன் கார்டையும் சுருக்குப் பையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றுவிட்டேன்.

எதிர்க் கதவு திறந்தது. தலையில் துண்டு கட்டிய ஒரு அம்மா, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர்கள், எட்டிப் பார்த்தார்கள்.

"புதுசா வந்தவங்களா அக்கா? பயந்துட்டீங்களா? ஒண்ணுமில்ல, அது தூசி சாப்புட்டுக்கினு இருக்குது. வாங்க, வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். கூடத்து நடுவில் பச்சை நிறத்தில், காலில்லாத பன்றிக்குட்டி மாதிரி ஒரு இரும்பு உருளை படுத்திருந்தது. மூக்கிலிருந்து துணி சுற்றிய குழாய் ஒன்று நீண்டு போயிற்று. வயிற்றில் வெள்ளி எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ எழுதி, பாதி உதிர்ந்திருந்தது. தூசி உறிஞ்சுகிற மெஷின். இந்தக் காலத்து பிளாஸ்டிக் மெஷின் இல்லை. சீமையில் செய்தது. அந்த அம்மாவின் மாமியார், டவுன்ஷிப் புதிதாக வந்த நாளில், ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவராம். அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது இந்த மெஷினையும், அதோடு வந்த ஒரு சின்னப் புத்தகத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்களாம். அந்தப் புத்தகத்தில் மெஷின் செய்த கம்பெனியின் கதை முழுவதும் படத்தோடு இருந்தது. வெள்ளைக்கார அம்மா அதைப் பாதித் தமிழும் பாதிக் கைச்சாடையுமாக மாமியாருக்குச் சொல்ல, மாமியார் மருமகளுக்குச் சொல்ல, மருமகள் எங்கள் பிளாக்குக்கே சொன்னார்கள்.

நெய்வேலியில் வீடு கூட்டுவது என்பது முடிகிற வேலை இல்லை. காற்று திரும்பினால் கரித்தூசி, சாம்பல் தூசி. வெள்ளை வேட்டி காயப்போட்டால் சாயங்காலம் அதில் விரலால் கோலம் போடலாம். அதனால் அந்த மெஷின் அங்கே சும்மா இருக்கவில்லை. ஆனால் மெஷின் ஓடிய நேரத்தைவிட, அதை நிறுத்திவிட்டு அந்த அம்மா பேசிய நேரம்தான் அதிகம்.

"எங்க பெரியவரு இருக்காரே," என்று ஆரம்பிப்பார்கள். "மொதல்ல சர்ச்சுல வாசிக்கற பெரிய ஆர்கன் பொட்டிக்குத் துருத்தி பண்ணிக்கினு இருந்தாரு. ஊதற துருத்தி. ஒருநாளு அசதியில தலகீழா மாட்டிட்டாரு. ஊத வேண்டியது இழுத்துடுச்சி. பூச நடுவுல சாமியாரு படிச்சிக்கினு இருந்த தாளு உள்ள போயிடுச்சி. எல்லாரும் திட்றாங்க. இவரு மட்டும் துருத்திய தொறந்து பாக்கறாரு. தாளோட ஒரு கை தூசி. அன்னிக்குதான் பொறந்துது நம்ம மெஷினு."

கம்பெனி என்றோ முதலாளி என்றோ அவர்கள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. எங்க பெரியவரு, மூத்த பையன், சின்னவரு, மருமவன். எல்லாம் இப்படித்தான். சுவரில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே, புத்தகத்திலிருந்து வெட்டி எடுத்த பெரியவர் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வாயை மூடிய பெரிய மீசை. அதற்குப் பிளாஸ்டிக் மாலை. மாலை போட்ட படம் மாட்டியிருந்தால் நாம் என்ன நினைப்போம்? நான் அவரை அந்த அம்மாவின் சொந்தக்காரர் என்று நினைத்துவிட்டேன். வெள்ளைக்காரராக இருக்கிறாரே என்று தோன்றியது. ஆனால் அந்த அம்மா வேதக்காரர்கள், நல்ல சிவப்பு, வீட்டில் எல்லோருக்கும் வெள்ளைக்காரப் பேர். எந்த வழியிலோ சம்பந்தம் ஏற்பட்டிருக்கும், கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று கேட்கவில்லை. அவர்கள் மெஷின் செய்தவர்கள் மட்டும்தான், சொந்தமே இல்லை என்று எனக்குத் தெரிய மூன்று வருஷம் ஆயிற்று. அது தெரிந்த விதத்தைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அந்தக் குடும்பத்துச் சண்டையில் அந்த அம்மா கட்சி கட்டியிருந்தார்கள். பெரியவருக்குப் பிறகு மூத்த பையன், தூசி மெஷின் மட்டும் போதாது, தண்ணீர் காய்ச்சுகிற கெட்டிலும் செய்யலாம் என்றானாம். சின்னவர், அப்பா ஆரம்பித்தது தூசியில், நாம் தூசியிலேயே இருப்போம் என்றாராம். பேச்சு முற்றி, பேக்டரிக்கு நடுவிலேயே சுவர் வைத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் மெஷின், அந்தப் பக்கம் கெட்டில்.

"நாங்க சின்னவரு பக்கம்," என்பார்கள் அந்த அம்மா.

சொன்னதோடு விடவில்லை. அவர்கள் வீட்டுக்காரர் மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்தவர். அதிகம் பேசமாட்டார். அதிகாலை ஷிப்டுக்குப் போகும்போது டீ போட வசதியாக இருக்கட்டும் என்று எக்ஸ்சேஞ்ச் மேளாவில் ஒரு கரண்ட் கெட்டில் வாங்கி வந்தார். வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

"அத எங்க எடுத்துக்கினு வர்றீங்க?"

"டீ போடத்தான்."

"மூத்தவன் வூட்டு சரக்கு இந்த வூட்ல நொழையாது."

"இது கோயமுத்தூர்ல பண்ணதுடி."

"எங்க பண்ணா என்னா. புத்தி அவன் புத்திதானே."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் கதவுக்குப் பின்னால் ஒளிய நேரம் இல்லை. "அக்கா, நீங்களாவது வச்சிக்குங்க," என்று அட்டைப்பெட்டியோடு என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பில் டீ கொதிக்கும் வரை வாசலில் நின்றார். அந்தக் கெட்டில் என் வீட்டில்தான் இருந்தது. எதிர்வீட்டம்மா வருகிற சத்தம் கேட்டால் அதன் மேல் துண்டைப் போட்டு மூடுவேன். அவர்களும் துண்டைப் பார்ப்பார்கள், ஒன்றும் கேட்க மாட்டார்கள். போகும்போது மட்டும், "பத்தரமா இருந்துக்குங்க அக்கா," என்பார்கள்.

பெரியவர் சொன்னதாக ஒரு வாசகம் வைத்திருந்தார்கள். "தூசிய தொரத்தாத, உள்ள கூப்டு. தொரத்துனா அடுத்த வூட்டுக்குப் போவும், கூப்ட்டா பைக்குள்ள வந்துடும்." இதை எல்லாவற்றுக்கும் சொல்வார்கள். தண்ணீர்க் குழாயடியில் அவர்களை வாய்க்கு வந்தபடி ஏசிய மாடிவீட்டம்மாவை அன்று சாயங்காலமே காபிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். வந்தவர்கள் இரண்டு மணி நேரம் பெரியவர் கதை கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு ஏசவில்லை. மறுபடி கூப்பிடுவார்களோ என்ற பயம்தான்.

உலகச் சண்டை வந்த காலத்தில் சீமை சர்க்கார் மெஷின் செய்வதை நிறுத்தச் சொல்லி, சிப்பாய்களுக்கு இரும்புத் தொப்பி செய்யச் சொல்லிவிட்டதாம். அதைச் சொல்லும்போது மட்டும் அந்த அம்மாவின் குரல் தணியும். "சண்ட முடியற வரைக்கும் யாரும் தூசி இழுக்கல அக்கா. அந்த ஊரு எப்டி இருந்திருக்கும், நெனச்சிப் பாருங்க." நான் நினைத்துப் பார்ப்பேன். எங்கள் டவுன்ஷிப் மாதிரி இருந்திருக்கும் என்று தோன்றும்.

ஒரு தரம் அவர்கள் வீட்டில் அன்பியக் கூட்டம் நடந்தது. பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடி ஜெபம் செய்வது. சர்ச் உபதேசியாரும் வந்திருந்தார். சலவைச் சட்டை, வெள்ளை வேட்டி. நான் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவள், சுண்டல் கிண்ணம் எடுத்து வைக்க உதவிக்குப் போனேன். ஜெபம் முடிந்ததும் மெஷினை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். அந்த அம்மா ஸ்விட்ச் பக்கம் போனார்கள். குழாயை நான் மாட்டிவிட்டேன். அந்த மெஷினுக்கு முன்னால் ஒரு ஓட்டை, பின்னால் ஒரு ஓட்டை. ஒன்று இழுக்கும், ஒன்று ஊதும். எனக்கு யார் சொன்னார்கள்?

இழுக்கவில்லை. ஊதியது. அதுவரை குழாய்க்குள் சேர்ந்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. கூடம் இருட்டிவிட்டது. வெளிச்சம் வந்தபோது உபதேசியார் முதல் ஷிப்டு முடித்து மைன்ஸிலிருந்து ஏறி வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த சுண்டலில் கரி. எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அந்த அம்மா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்கள், "எங்க பெரியவருக்கும் மொத நாளு இப்டித்தான் ஆச்சி." சொல்லிவிட்டு, எல்லோரும் இருமிக்கொண்டிருக்கும்போதே கதையை ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கு யார் மேலும் கோபம் நிற்காது. கதைக்குள் இழுத்துக்கொண்டு விடுவார்கள்.

அவர்கள் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் இதைப் பற்றி வாய் திறந்தார். ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு பண்ருட்டிப் பக்கம் கட்டியிருக்கிற சின்ன வீட்டுக்குப் போக வேண்டும். எல்லோரும் போன பிறகு, கதவு திறந்தே இருந்தது, அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"இதப் பாரு. வூட்டக் காலி பண்ணும்போது மெஷினு வேணா வரட்டும். எங்கம்மா ஞாபகமா ஒரு மூலையில கெடக்கட்டும். அந்தக் குடும்பம் வரக் கூடாது. அவ்ளோதான் நான் சொல்லுவேன்."

"நீங்க சொன்னா அவங்க எங்க போவாங்க?"

"எங்கியாவது போவட்டும். நான் முப்பது வருஷம் கேட்டுட்டேன். ஊருக்குப் போயி எங்க அண்ணந்தம்பிங்க எதிர்ல கெட்டிலு, மூத்தவன், சின்னவன்னு ஆரம்பிச்சின்னா, நானே எழுந்து, இவளுக்கு யாரும் சொந்தமில்ல, சும்மா சொல்றான்னு சொல்லிடுவேன்."

நான் அதைக் கோபத்தில் சொல்கிற பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். புருஷன் கோபம் வந்தால் பெண்டாட்டி பக்கத்துச் சொந்தத்தைச் சொந்தமில்லை என்பது உலகத்தில் இல்லாததா.

ஆனால் அந்த அம்மா அன்றிலிருந்து கொஞ்சம் பயந்துதான் இருந்தார்கள். அவர் வீட்டில் இருக்கும்போது பெரியவர் பேச்சை எடுக்கவில்லை. அவர் ஷிப்டுக்குக் கிளம்பி வண்டிச் சத்தம் மறைந்ததும் என் கதவைத் தட்டுவார்கள். சென்னையில் இருந்த அவர்கள் மகள் செல்போனில் பார்த்து அவ்வப்போது சேதி சொல்வாள். சின்னவருக்குப் பிள்ளை இல்லாமல் மூத்தவன் வீட்டு மருமகன் கைக்கு எல்லாம் வந்தது. அவன் பல்பு செய்கிற யாருக்கோ விற்றான். அவர்கள் வேறு யாருக்கோ விற்றார்கள். "பேரு மட்டும் இருக்குது அக்கா. அந்தப் பேர ஒட்டி எங்கியோ சீனாவுல பண்றானுங்க. கடேசியா ஒரே ஒரு பேக்டரி மட்டும் அந்த ஊர்லியே இருக்குது. அது இருக்கற வரைக்கும் குடும்பம் இருக்குது."

அவர் ரிட்டயர் ஆக நாலு மாதம் இருந்தபோது ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவர்கள் வீட்டில் போன் அடித்தது. பேச்சுக் குரல் கேட்டது. பிறகு அழுகை. நான் வாசலுக்கு வந்தேன்.

"ஒருத்தர்கூடவா இல்ல? அவ்ளோ பெரிய எடம், ஒரு வெளக்குகூட எரியலியாடி?" என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "எல்லாம் முடிஞ்சிபோச்சி அக்கா," என்று சொல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

துக்க வீட்டில் என்ன சொல்வதென்று எனக்கு எப்போதும் தெரியாது. யாராவது தெரிந்தவர்கள் வந்தால் தேவலை என்று, வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிற அம்மாவிடம் போனேன். அவரிடம் சொன்னால் பிளாக்கில் எல்லோரிடமும் சொன்ன மாதிரி.

"எதிர்வூட்டம்மாவோட சீமச் சொந்தம், ஏதோ ஆயிடுச்சிங்க."

"எத்தினி பேரு?"

"ஒருத்தரும் இல்லியாம்."

இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். துணி கருகியதைக்கூடக் கவனிக்கவில்லை.

பதினொரு மணிக்கெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அப்போதுதான் தெரிந்தது, அப்படி நினைத்திருந்தது நான் ஒருத்தி மட்டும் இல்லை. பாதி பிளாக் அவர்களைச் சொந்தம் என்றுதான் நினைத்திருந்தது. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று மாடிவீட்டம்மா இட்டிலியும் பிளாஸ்கில் காபியும் கொண்டுவந்தார். கம்யூனிட்டி ஹாலிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து வாசல் நிறைந்தது. யாரோ சம்பங்கி மாலை வாங்கிவந்து, பிளாஸ்டிக் மாலையை எடுத்துவிட்டு பெரியவருக்குப் போட்டார்கள். உபதேசியார் வந்து ஜெபமாலை சொன்னார். சொல்லும்போது மெஷின் இருந்த மூலையை இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"பாடி இங்க வருதாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லீங்க," என்றார்கள் அந்த அம்மா. மேலே ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்கள். அதற்குள் இஸ்திரிக்கார அம்மா அவர்களைக் கட்டிப்பிடித்து, தன் அண்ணன் செத்ததைச் சொல்லி அழத் தொடங்கிவிட்டார். மூன்று தரம் வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். மூன்று தரமும் யாராவது அழுதார்கள். நாலாவது தரம் அவர்கள் என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள்.

"அக்கா, யாரு சொன்னது இவங்களுக்கு?"

நான் தரையைப் பார்த்தேன்.

"அது கம்பெனிக்கா. பேக்டரிய மூடிட்டாங்க. பிளாட்டு கட்றாங்களாம் அங்க."

"தெரியுங்க. கம்பெனி வச்சிருந்த உங்க சொந்தம்."

"சொந்தம் இல்லக்கா. மெஷினு பண்ணவங்க. அவ்ளோதான். நான் அவங்க யாரையும் பாத்ததுகூட இல்ல."

வெளியே மாடிவீட்டம்மா, "எவ்ளோ நல்லவரு, எவ்ளோ நல்லவரு," என்று பெரியவரைப் பற்றி யாரிடமோ சொல்வது கேட்டது.

"இப்ப வெளிய போயி எப்டி சொல்லுவேன்?" என்றார்கள். முகம் வெளிறிப்போயிருந்தது. "அழுதவங்க எல்லாம் சிரிப்பாங்க. சிரிச்சாகூட பரவால்ல, ஏமாத்திட்டான்னு நெனப்பாங்க. மணி என்னா அக்கா? ரெண்டர ஆனா அவரு வந்துடுவாரு. வந்து நிப்பாரு, எல்லாரு எதிர்லியும் சொல்லிடுவாரு. சொல்லுவேன்னு சொல்லியிருக்காரு."

மணி இரண்டு இருபது.

"நான் போயி சொல்லிடட்டுமாங்க, என் தப்புதான்னு," என்றேன். சொன்னேனே தவிர, நாற்பது பேர் நடுவில் போய் நின்று பேசுவதை நினைத்ததும் என் கால் நகரவில்லை. அதைப் பார்த்து அந்த நேரத்திலும் அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்க பேசறதுக்குள்ள அவரு ரிட்டயரே ஆயிடுவாரு அக்கா. வாங்க, டம்ளர எடுங்க," என்றார்கள்.

நான் காபி டம்ளர் தட்டோடு முதலில் வெளியே வந்தேன். அந்நேரம் அவர் மொபெட் திரும்பியது. வாசல் நிறைய நாற்காலி, தலை குனிந்த ஜனம், பூ வாசனை. அவர் வண்டிக்கு ஸ்டாண்டு போடவில்லை. அப்படியே விட்டார், அது வேப்பமரத்தில் சாய்ந்தது. ஹெல்மெட்டும் ஷூவுமாக ஓடிவந்தவர், முதலில் எதிர்ப்பட்டது என்னை.

"எத்தினி மணிக்கிங்க?" என்றார்.

எனக்கு அவர் எதைக் கேட்கிறார் என்று புரியவில்லை. போன் வந்ததை நினைத்துக்கொண்டு, "பத்து மணிக்குங்க," என்றேன்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் இருந்த கரியெல்லாம் அப்படியே இருக்க, அதற்குக் கீழே இருந்த நிறம் போய்விட்டது. காலையில நல்லாத்தானே இருந்தா, என்று வாய்க்குள் சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லைங்க என்று கையை ஆட்டப் பார்த்தேன். கையில் தட்டு. அந்த நிமிஷம் சமையலறையிலிருந்து அந்த அம்மா இன்னொரு தட்டோடு வந்தார்கள்.

அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"இருக்கியா நீ," என்றார்.

"நான் எங்க போவேன். ஷூவக் கழட்டுங்க, கூடம் பூரா கரியாவுது."

அவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். கழற்ற வெகு நேரம் ஆயிற்று. நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. வந்தவர்களெல்லாம், பாவம், அவருக்கும் அந்தச் சொந்தத்தின் மேல் இவ்வளவு பாசமா என்று உச்சுக்கொட்டினார்கள். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். உபதேசியார் அவர் தோளில் கை வைத்துக் கேட்டார்.

"பெரியவரு ஒங்களுக்கு என்னா மொறைங்க?"

அந்த அம்மாவின் கையில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அவர் அந்தச் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். சம்பங்கி மாலையைப் பார்த்தார். நாற்காலிகளைப் பார்த்தார். என்ன நடந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது தெரிந்தது.

"எங்கம்மா காலத்துலேருந்து ஒறவுங்க," என்றார்.

அவ்வளவில் விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. எப்படி முடிந்தது என்று யாரோ கேட்க, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆர்கன் துருத்தி, சாமியார் தாள், சுவர் வைத்தது, இரும்புத் தொப்பி. ஒன்றுகூடத் தப்பவில்லை. முப்பது வருஷம் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்காத மாதிரி உட்கார்ந்திருந்த மனிதர், அந்த அம்மாவைவிட நன்றாகச் சொன்னார். அந்த அம்மா தட்டைப் பிடித்தபடி வாய் திறந்து நின்றார்கள்.

"பெரியவருக்கு ரெண்டு பசங்க, ஒரு பொண்ணு," என்றார்.

"பொண்ணா?" என்றார்கள் அந்த அம்மா. "எந்தப் பொண்ணு?"

"பெரியவரு பொண்ணு. அதுதான் மெஷின தள்ளுவண்டியில வச்சி வூடு வூடா எடுத்துக்கினு போயி இழுத்துக் காமிச்சிது. அது இல்லன்னா பெரியவரு கடேசி வரைக்கும் துருத்திதான் பண்ணிக்கினு இருந்திருப்பாரு."

"புத்தகத்துல இல்லியே."

"பொண்ணுன்னு போடாம வுட்டுருப்பானுங்க. வெள்ளக்காரம்மா எங்கம்மாகிட்ட சொன்னாங்க. எங்கம்மா எங்கிட்ட சொன்னாங்க."

அந்த அம்மா தட்டை என் கையில் வைத்தார்கள். என் கையில் ஏற்கெனவே ஒரு தட்டு இருந்தது. துக்கம், பயம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, இடுப்பில் கை வைத்துவிட்டார்கள்.

"முப்பது வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ எங்க என்னப் பேச வுட்ட?"

துக்க வீடு என்பதை மறந்து மாடிவீட்டம்மா சிரித்துவிட்டார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். உபதேசியாரும் சிரித்தார், ஜெபமாலையைப் பைக்குள் போட்டுக்கொண்டு. யாரும் எழுந்து போகவில்லை. அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட, கடைசி வரை, அவர்கள் சொந்தமா இல்லையா என்று கேட்கவில்லை. நானும் இன்றைக்கு எழுதுகிறவரை யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நாலு மாதம் எதிர்வீட்டில் தினமும் இரண்டு குரல் கேட்டது. அவர் ஒரு நாளைக்குக் கொஞ்சமாகத்தான் சொல்வார். பெண் மழையில் வண்டி தள்ளியது ஒரு நாள், நாய் துரத்தியது ஒரு நாள். அந்த அம்மா கேள்வி கேட்டுக்கொண்டே சாதம் போடுவார்கள். வீட்டைக் காலி செய்த அன்று மெஷினைப் போர்வையில் சுற்றி லாரியில் ஏற்றினார்கள். இரண்டு பேரும் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்கள். என்னிடம் சொல்லிக்கொண்டு போகத் தலையை வெளியே நீட்டிய அந்த அம்மா, போய்ட்டு வரேன் அக்கா என்று சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

"ஊருக்குப் போயி சொல்றேன்," என்றார் அவர்.

லாரி கிளம்பிவிட்டது.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். கம்பெனிப் பேரைச் சொல்ல எனக்கு இங்கிலீஷ் வராது, எழுத்தும் பாதி உதிர்ந்திருந்தது. சீமையில், சர்ச் ஆர்கனுக்குத் துருத்தி செய்து, பிறகு தூசி மெஷின் செய்து, நடுவில் சுவர் வைத்துக்கொண்ட குடும்பம் என்று விசாரித்தால் யாராவது சொல்வார்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் இருக்கிறவர்கள் யாராவது, பெரியவருக்கு உண்மையில் ஒரு பெண் இருந்தாளா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இருந்திருந்தால் பண்ருட்டிக்கு ஒரு கடுதாசி போட்டுவிடுகிறேன். இல்லை என்று தெரிந்தால் எனக்கு மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள். அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.